நண்பரின் முழக்கோல்

நுவரெலியா கோல்ப் மைதானம் தரவரிசையில் இறங்கிவிட்டதாம். காரணம் அது குட்டையாம். இழுத்து நீட்டினால் பழைய பேர் திரும்புமாம். சென்ற இதழில் நண்பர் எழுதிய நாலு பக்கத்தின் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் சுற்றுலாத் துண்டுப்பிரசுரம்.

1889இல் உருவான மைதானம். 6,000 கெஜத்துக்கும் குறைவுதான். அதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. கண்டிப் பக்கம் 1990களின் கடைசியில் விக்டோரியா மைதானம் வந்தது, 2016இல் அம்பாந்தோட்டையில் இன்னொன்று. பந்தியில் புதிதாக இருவர் உட்கார்ந்தால் பழையவர் தள்ளித்தான் உட்கார வேண்டும். உடனே அவருக்குச் சீக்கு என்று வைத்தியரைக் கூப்பிடுவதா?

பட்டியல் போடுகிறவர்கள் கதையாவது நண்பருக்குத் தெரியுமா? அமெரிக்காவின் கோல்ப் டைஜஸ்ட் 1966இல் முதலில் வரிசைப்படுத்தியது சிறந்த மைதானங்களை அல்ல, கடினமானவற்றை. பிறகு அளவுகோலை அவர்களே மாற்றினார்கள், வரிசையும் மாறியது. மண் இருந்த இடத்தில்தான் இருந்தது. பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் மெரியன் மைதானம் இருக்கிறது. குட்டை, இடம் போதாது என்ற பேச்சில் 1981க்குப் பிறகு 32 வருடம் யூ.எஸ். ஓப்பன் அந்தப் பக்கமே போகவில்லை. 2013இல் போனது. நாலு நாள் ஆடியும் ஒருவர்கூடப் பாருக்குக் கீழே முடிக்கவில்லை; வென்ற ஜஸ்டின் ரோஸே பாருக்கு மேலே ஓர் அடி.

மலைக்காற்று மெல்லியது, பந்து கூடுதலாகப் பறக்கும், ஆகவே மைதானம் இன்னும் குட்டை என்கிறார் நண்பர். பறக்கும், சரிதான். கோணலாக அடித்த பந்தும் அதே காற்றில்தான் கூடுதலாகப் பறந்து சைப்ரஸ் மரங்களுக்குள் போகும். பள்ளி விடுமுறையில் அங்கே பை தூக்கியவன் நான். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பந்தைப் பார்க்கமாட்டோம், காதால் பிடிப்போம். ‘டொக்’ என்றால் மரம். ‘சளக்’ என்றால் ஓடை. சத்தமே வராவிட்டால்தான் துரைக்கு நல்ல அடி. கொழும்பிலிருந்து வரும் பலசாலிகளுக்குத்தான் டொக்கும் சளக்கும் அதிகம்.

சரி, எந்தப் பக்கம் நீட்டுவது? மைதானம் கிடப்பது டவுனுக்கு நடுவில். ஓரத்தில் யானைகளைக் கொன்று குவித்த மேஜர் ரொஜர்ஸின் கல்லறை. 1845இல் மின்னல் தாக்கிச் செத்தவர். அவரை எழுப்பித்தான் சம்மதம் கேட்கவேண்டும். டவுனைத் தாண்டினால் தேயிலை. ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு அலையும் தோட்டச் சனத்திடம் போய், பந்து உருட்ட ஏக்கர் கணக்கில் கேட்கும் துணிச்சல் நண்பருக்கு இருந்தால் வரட்டும். லயத்து வாசல்வரை நானே கூட்டிப்போகிறேன்.