மேப்பில் இல்லாத மேடைகள்!



விடுமுறை நாள். கையில் அப்பாவின் செல்போன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் சிட்னி ஓபரா ஹவுஸைப் பார்க்க உங்களுக்கு ஆசை. என்ன செய்வீர்கள்? பெயரைத் தட்டினால் போதும்! 1973ல் திறக்கப்பட்ட அந்த அரங்கம், காற்றில் விரிந்த பாய்மரங்களைப் போலக் கண்முன் வந்து நிற்கும். 'கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்' பக்கத்துக்குப் போனால் உள்ளேயும் சுற்றிப் பார்க்கலாம். விமானமும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம்.

நல்ல விஷயம்தான். படியேற முடியாத பாட்டிகூட வீட்டில் இருந்தபடியே உலகத்தின் பெரிய மேடைகளைப் பார்க்கிறாரே!

சரி, இப்போது வேறொன்றைத் தேடுங்கள். 'வருகிற செவ்வாய்க்கிழமை ராத்திரி, நாஞ்சில் நாட்டில் எந்த ஊரில் வில்லுப்பாட்டு?' செல்போன் திருதிருவென முழிக்கும். பழைய வீடியோக்களைக் காட்டும். ஆனால், வழி காட்டாது. அது ஏன்?

நம் குமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. இடம் தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. ஒரு காலத்தில் திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகர் இது. அங்கே இசைக்கும் நடனத்துக்கும் என்றே கட்டப்பட்ட ஒரு மண்டபம் உண்டு. கல் தூண்கள், முகம் பார்க்கலாம் போன்ற கறுப்புத் தரை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று சொல்வார்கள். பக்கத்தில் துளைகள் வைத்த மரத் தடுப்பு. அரண்மனைப் பெண்கள் அதன் பின்னால் உட்கார்ந்து, துளை வழியாக ஆட்டம் பார்த்தார்களாம்.

இந்த அரண்மனையைச் செல்போனில் தேடினால் உடனே கிடைக்கும். எப்படிப் போவது, எந்த நாளில் விடுமுறை எல்லாம் சொல்லும். அங்கே போய் நின்று, அந்தத் துளையில் கண்ணை வைத்து, 'இதன் வழியாகப் பார்த்தால் ஆட்டம் எவ்வளவு தெரியும்?' என்று யோசிக்க வேண்டியது நீங்கள்தான். அதைச் செல்போன் செய்யாது.

அடுத்து சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்தில் 4 பெரிய இசைத்தூண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டு, பல சிறு தூண்களாகப் பிரிந்து நிற்கிறது. தட்டினால் வெவ்வேறு நாதம் பிறக்கும்! ஜலதரங்கத்தில் தண்ணீரின் அளவு மாறினால் ஒலியும் மாறுகிறது அல்லவா? அதுபோல, கல்லின் பருமன் மாறினால் அதிர்வும் மாறுகிறது.

உங்கள் கை துறுதுறுக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்! கர்நாடகத்தில் ஹம்பி என்ற ஊரில், விட்டலர் கோயிலிலும் இசைத்தூண்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாம் தட்டித் தட்டித் தூண்கள் பழுதாகத் தொடங்கின. அதனால் அங்கே தட்டுவதற்கே தடை. வீடியோ எடுக்க ஆசைப்பட்டுக் கல்லைத் தட்டாதீர்கள். இந்த ஓர் இடத்தில் கையைவிடச் செல்போன் நல்லது. ஒருமுறை பதிவு செய்த ஒலியை ஆயிரம் பேர் கேட்கலாம், கல்லுக்கு வலிக்காது!

அரண்மனையும் கோயிலும் கட்டடங்கள். அதனால் மேப்பில் வந்துவிட்டன. வில்லுப்பாட்டுக்கு ஏது கட்டடம்? சுடலைமாடன் கோயிலிலோ, முத்தாரம்மன் கோயிலிலோ கொடை வந்தால் பந்தல் எழும்பும். மணிகள் கட்டிய வில் வந்து இறங்கும். புலவர் வீசுகோலால் தட்டிப் பாட, பக்கத்தில் ஒருவர் குடம் அடிப்பார். உடுக்கையும் ஜால்ராவும் சேர்ந்துகொள்ளும். பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவார்கள். கொடை முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் வெறும் மணல்தான்.

தோல்பாவைக்கூத்தும் அப்படித்தான். ஒரு வெள்ளைத் திரை. பின்னால் ஒரு விளக்கு. ஆட்டுத்தோலில் செய்த பாவைகள். அரங்கம் அவ்வளவுதான்! ராமனும் ராவணனும் வருவார்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார்கள். எல்லாருக்கும் குரல் கொடுப்பவர் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஆள்! வீட்டில் மராத்தி பேசும் சில குடும்பங்கள் இந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகின்றன.

இங்கேதான் எனக்குக் கவலை. கட்டடம் இடிந்தால் ஊருக்கே தெரியும். கூத்து நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? செல்போனில் இல்லாத இடம் உலகத்திலேயே இல்லை என்று நாளைய பிள்ளைகள் நினைத்துவிட்டால், இந்த மேடைகளைத் தேடி யார் போவார்கள்?

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908ல் நாகர்கோவிலில் பிறந்தவர். வறுமையால் படிப்பை நிறுத்திவிட்டு, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன் அவர். அங்கே பார்த்த நாடகமும் கேட்ட பாட்டும் அவர் மனசைப் பிடித்துக்கொண்டன. பிறகு நாடகக் குழுவில் சேர்ந்தார், வில்லுப்பாட்டுப் பாடினார், சினிமாவில் நாடே சிரிக்க, சிந்திக்க வைத்தார். கொட்டகை வாசலில் அவர் நிற்காமல் போயிருந்தால்?

அதனால், மேப்பில் இல்லாத மேடைகளை அதில் சேர்க்கும் வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். எந்தக் கோயிலில், எந்த மாதம், என்ன கூத்து? என்ன கதை பாடுவார்கள்? முன்பு நடந்து இப்போது நின்றுபோனது எது? எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு அப்பா, அம்மா அல்லது ஆசிரியர் துணையோடு, மேப்பில் அந்த இடத்தைச் சேர்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவிலும், ஆதாரம் உள்ள செய்திகளைச் சேர்க்கலாம்.

இரண்டு விஷயங்களை மட்டும் மறக்கக்கூடாது. கலைஞரிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முழுக் கூத்தையும் படம் பிடித்து இணையத்தில் போடாதீர்கள். எல்லாரும் அதிலேயே பார்த்துவிட்டால், அடுத்த வருஷம் கொடைக்கு அவரை யார் அழைப்பார்கள்? அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

செல்போன் நம்மைப் பந்தல் வாசல்வரை கூட்டிக்கொண்டு போகட்டும். வாசலில் அதைப் பைக்குள் போட்டுவிடுங்கள். முன்வரிசை மணலில் சம்மணம் போட்டு உட்காருங்கள். புலவர் பாடும்போது, பின்பாட்டுக்காரரோடு சேர்ந்து நீங்களும் ஒரு 'ஆமா' போடுங்கள்.

உங்கள் ஊர்க் கொடை எந்த மாதம்? இன்றைக்கே பாட்டியிடம் கேட்டுவிடுங்கள்!