உபாத்தியாயரை உத்தேசித்த திட்டம்

மதராஸ் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனப் பொறியியல் பயின்று, அமெரிக்கா சென்று புளோரிடா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, 1972-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்து, 2001 முதல் 2011 வரை அதன் இயக்குநராக இருந்த பேராசிரியர் எம். எஸ். அனந்த் அவர்களின் ஆயுட்காலப் பணியிலே, ‘என்.பி.டி.இ.எல்.’ என்னும் ஐந்தெழுத்தை நாடெங்கும் பொறியியல் கல்லூரிகளில் ஓதும்படி செய்ததே பிரதானமானது. ஆயினும் அதை நாள்தோறும் ஓதுகிறவர்களில் அநேகருக்கு அவர் பெயர் தெரியாது.

1999-ல் தொடங்கிய ஆலோசனைகளின் பயனாக, ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி, நூறு பாடங்களை எழுத்து வடிவிலும், நூறு பாடங்களை நாற்பது நாற்பது மணி நேர வீடியோ உரைகளாகவும் தயாரிப்பதாக மத்திய சர்க்காரிடம் சமர்ப்பித்த யோசனைக்கு 2003-ல் நிதி கிடைத்தது. அந்தத் திட்டமே என்.பி.டி.இ.எல். கல்லூரிகள் மழைக்காலத்துக் காளான்போல் பெருகி, நேற்றுப் பட்டம் பெற்றவர் இன்று மேடையேறிப் பாடம் சொல்ல வேண்டியிருந்த அக்காலத்தில், மாணவரைப் போலவே, ஏன், மாணவரைவிடவும் அதிகமாக, அந்த இளம் உபாத்தியாயரே இவ்வுரைகளால் பிரயோஜனம் அடையக்கூடியவர் என்பது நமது அபிப்பிராயம்.

அனந்த் அவர்களின் சொந்த சாஸ்திரமாகிய வெப்ப இயக்கவியலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். வெப்பம் புகாத, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு தொட்டிக்குள், குழாயிலிருந்து 27 டிகிரி உஷ்ணமுள்ள காற்றை நிரம்பும் வரை விட்டால் தொட்டியிலுள்ள காற்றின் உஷ்ணம் என்னவாகும் என்று வகுப்பில் கேட்டால், பாதிப் பேர் மாறாது என்பார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர், வெற்றிடத்தில் விரிவதால் குளிரும் என்பார்கள். குழாயிலுள்ள காற்று பின்னிருந்து தள்ளும் வேலையும் உள்ளேயே சேர்வதால் அது ஏறத்தாழ 147 டிகிரிக்கு ஏறும் என்பதை வீடியோ உரை அழகாக நிரூபித்துவிடும். ஆனால், ‘குளிரும்’ என்று சொன்ன பையன் எது அமைப்பு, எது சூழல் என்று எல்லைக் கோடு கிழிக்கத் தெரியாமல் இடறினானா, அல்லது சமன்பாட்டை அரைகுறையாக மனனம் செய்து இடறினானா என்பதைத் திரை அறியாது. அவன் எதிரே நிற்பவர்தான் அறிய முடியும்.

2014-ல் இப்பாடங்களுக்குச் சான்றிதழ்த் தேர்வுகள் வந்தன. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். வாராந்தரப் பயிற்சிக்கு 25 விழுக்காடும், மையத்திற்கு நேரில் சென்று எழுதும் பரீட்சைக்கு 75 விழுக்காடும் என்ற ஏற்பாடு நியாயமானதே. பின்னர், 2021-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை, இவ்வுரைகளையும் வழங்கும் மத்திய சர்க்காரின் இணையதளமாகிய ‘ஸ்வயம்’ வழியாகப் பயின்று கிரெடிட் பெற இடம் தந்தன. இந்தச் சலுகையைச் சில நிர்வாகங்கள் காலியாயிருக்கும் ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகவே வைத்திருப்பதற்கான அனுமதிச் சீட்டாகக் கொண்டிருப்பதுதான் வருந்தத்தக்கது. விரிவுரையை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, வாரப் பயிற்சியின் விடைகளைக் கைப்பேசிக் குழுக்களில் பண்டமாற்றுச் செய்யும் வித்யார்த்தியை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அவனை உட்காரவைத்துக் கேள்வி கேட்க வேண்டியவரின் நாற்காலியே அங்கு இல்லை.

ஐ.ஐ.டி. ஆசிரியர் கரும்பலகையில் வருவித்ததை மறுநாள் நம் பலகையில் அப்படியே வருவிப்பதும் நம்மில் சிலர் செய்கிற காரியமே. மாணவனை அதை முன்னதாகவே பார்த்துவரச் செய்துவிட்டு, வகுப்பு நேரம் முழுவதையும் அவன் இடறும் இடங்களுக்கு ஒதுக்குவது உசிதம் என்று நாம் கருதுகிறோம். அதற்கு, எந்தப் பாடத்தில் எங்கே இடறுகிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். ஆகவே, சென்ற பருவத்து விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகளை, மாணவர் பெயரை நீக்கி, வினாவுடன் சேர்த்து எழுதியனுப்புமாறு அன்பர்களை வேண்டுகிறோம். அடுத்த இதழ் முதல் அவற்றுக்கென நான்கு பக்கங்கள் ஒதுக்கப்படும்.