செம்புக் கம்பியை அறுப்பது யாருக்காக?

பிரிட்டனில் டெலிபோன் கம்பெனிகள் பழைய செம்புக் கம்பி டெலிபோனுக்கு முடிவு கட்டி வருகின்றன. இனிக் குரலும் இன்டர்நெட் போகும் பாதையிலேயே போகவேண்டுமாம். "முன்னேற்றம்!" என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். யாருடைய முன்னேற்றம் என்று கேட்கிறோம்.

பழைய முறையில், பேச்சு முடியும்வரை இரு முனைகளுக்கும் இடையே ஒரு பாதை தனியாக ஒதுக்கப்படும். புதிய முறையில் குரல் சிறுசிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டு, மற்றத் தகவல்களோடு கலந்து ஓடி, மறுமுனையில் மீண்டும் கோக்கப்படுகிறது. எல்லாம் ஒரே பாதையில் போவதால் செலவு குறைகிறது. விஞ்ஞானத்தின் இந்தச் சாதனையை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் தம்பட்ட ஓசையில் ஓர் உண்மை அமுங்கிப் போகிறது. செம்புக் கம்பி குரலை மட்டுமல்ல, எக்ஸ்சேஞ்சிலிருந்து மின்சாரத்தையும் சுமந்து வந்தது. ஊரே இருண்டாலும் டெலிபோன் பேசியது. புதிய கருவிக்கோ வீட்டு மின்சாரம் வேண்டும். விளக்கு அணைந்தால் டெலிபோனும் ஊமை!

2021 நவம்பரில் அர்வென் புயல் அடித்தபோது ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஆயிரக்கணக்கான வீடுகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் கம்பெனிகளிடம் கேட்பது என்ன? மின்சாரம் போனால், அவசர அழைப்புக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வழி செய்யவேண்டும் என்பதே. நாட்கணக்கான இருளுக்கு ஒரு மணி நேர விளக்கு!

முதியோர், நோயாளிகள் உள்ளிட்ட சுமார் 18 லட்சம் பேர், ஆபத்தில் பொத்தானை அழுத்தி உதவி கோரும் கருவியை நம்பி அங்கே வாழ்கிறார்கள். கம்பி மாறியபின் இக்கருவிகள் கைவிட்ட கடும் சம்பவங்கள் நேர்ந்த பிறகே, 2023 டிசம்பரில் சர்க்கார் கம்பெனிகளிடம் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது. 2025 முடிவு என்றிருந்த தவணை, 2024இல் 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளப்பட்டது.

1984இல் தாட்சர் சர்க்கார் பிரிட்டிஷ் டெலிகாமின் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை விற்றது. மக்கள் பணத்தில் இழுத்த கம்பி, பங்குதாரரின் லாபக் கணக்கில் ஏறியது. 2030க்குள் 55,000 பேர் வரை ஆட்குறைப்பு என்று அதே கம்பெனி 2023இல் அறிவித்தது. புதிய வலைக்குப் பராமரிப்பு ஆட்கள் குறைவாகப் போதும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆக, மிச்சம் கம்பெனிக்கு, வேலையிழப்பு தொழிலாளிக்கு, பாட்டரிக் கவலை தனியே வாழும் கிழவிக்கு!

இயந்திரத்தின்மீது நமக்குக் கோபமில்லை. நீடித்து நிற்கும் பாட்டரியை ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பெனியே இலவசமாகக் கொடுக்கட்டும். உதவிக் கருவி வேலை செய்வதைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு கம்பியையும் தொடாதிருக்கட்டும். மிச்சமாகும் பணத்தில் தொழிலாளியின் வேலையைக் காக்கட்டும். அதன்பின் முன்னேற்றம் பற்றிப் பேசட்டும். காது கொடுத்துக் கேட்கிறோம்.