புது வண்டியின் குறையும் மார்க்கம் தரும் உரிமையும்

“வாரண்டியில் இலவசமாகச் சரிசெய்து தருகிறார்களே, இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை ஹஜ்ரத்?” என்று கேட்போர் நம் மஹல்லாக்களில் பெருகிவிட்டனர். தொழுகைக்கும் நோன்புக்கும் சட்டம் கேட்டு வருகிற சகோதரர், பதினைந்து இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டியின் குறையைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. விற்பவரும் கேட்பதில்லை. ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பாடம் எத்தனை பக்கங்களை நிரப்பியிருக்கிறது என்பதை மதரஸாவில் ஓதிய மாணவர் அறிவார். அப்பக்கங்கள் ஒட்டகத்துக்கும் பேரீச்சம்பழத்துக்கும் மட்டும் எழுதப்பட்டவை என்று நினைப்பது அறியாமை.

இதை எழுதத் தூண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சிங்கவரம் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், வளைகுடாவில் பல்லாண்டு உழைத்த சேமிப்பில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வகை வண்டியொன்றைப் புதிதாக வாங்கினார். பாறையும் பள்ளமுமான பாதையில் உரமூட்டை ஏற்றிச் செல்ல அவருக்கு அது தேவைதான். பகட்டுக்கு வாங்கியவர் அல்லர். முதல் மழையிலேயே கூரை இணைப்பின் வழியாக உள்ளே நீர் சொட்டியது. இடப்பக்கக் கதவு சட்டத்தோடு பொருந்தவில்லை. நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. அடியில் கேட்ட கடகடப்புக்குக் காரணம், சரியாக முறுக்கப்படாமல் வந்த ஒரு போல்ட். நான்கு முறை பணிமனைக்குச் சென்றார். ஒவ்வொரு முறையும் ஒரு பகல் வீணாயிற்று. ஜாப் கார்டில் இருமுறை ‘சோதித்ததில் குறை இல்லை’ என்று எழுதினார்கள். மூன்றாம் முறை கூரையில் சிலிக்கான் பசையைப் பூசி அனுப்பினார்கள். நான்காம் முறை, “இந்த மாடலில் இது சகஜம் சார், எல்லா வண்டியிலும் இருக்கிறது” என்றார்கள்.

இந்த விடையைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். மறுப்பைப் போலத் தோன்றினாலும் இது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். எல்லா வண்டியிலும் இருக்கிறது என்பது உமக்கு முன்பே தெரியும் என்றால், பணம் வாங்கும்போது ஏன் சொல்லவில்லை? அறியாமல் விற்றவருக்கு ஒரு சட்டம், அறிந்தே மறைத்தவருக்கு வேறு சட்டம். முன்னவர் குறையைத் தீர்க்கக் கடமைப்பட்டவர். பின்னவர் அத்தோடு பாவியும் ஆகிறார்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உள்ளே விரல்கள் ஈரமாயின. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். நனைத்தது யார் என்ற விசாரணைக்குள் நபியவர்கள் நுழையவில்லை. மக்கள் கண்ணில் படும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்றே கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் கடிந்துரைத்தார்கள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் கொண்டு போகும் நம் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூட்டைக்குள் ஈரம் இருந்தால் விலை என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். “மழை பெய்தது, நான் என்ன செய்வேன்” என்பது அங்கே செல்லாது. ஆனால் ஷோரூமில், “கம்பெனியிலிருந்து இப்படித்தான் வந்தது, நாங்கள் விற்பவர்கள் மட்டுமே” என்னும் அதே வாதத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டித் திரும்புகிறோம்.

குறை நேர்வதைப் பற்றி நான் சண்டையிடவில்லை. ஆயிரக்கணக்கான பாகங்களை மனிதரும் இயந்திரமும் கூடிப் பூட்டும்போது தவறு நேரும். 2021 பிப்ரவரியில் மஹிந்திரா நிறுவனம் 1,577 டீசல் தார் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உதிரிபாகம் தந்த ஆலையின் இயந்திர அமைப்பில் நேர்ந்த பிழையால் எஞ்சினின் கேம்ஷாஃப்ட் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அதுவே அறிவித்தது; 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரானவை அவை. 2022 டிசம்பரில் 6,618 ஸ்கார்ப்பியோ-என் வண்டிகளும் 12,566 எக்ஸ்யூவி 700 வண்டிகளும் அழைக்கப்பட்டன. இவற்றைக் குறைகூற நான் எடுத்துக்காட்டவில்லை. நனைந்த தானியத்தை மேலே எடுத்து வைப்பது என்பது இதுதான். 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு அரசே கட்டளையிட முடியும். மீறினால் தண்டமும் உண்டு. எனவே பெரிய குறைகள் எப்படியோ வெளியே வந்துவிடுகின்றன. கூரைக் கசிவும் பொருந்தாத கதவும் உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் எந்த அறிவிப்பிலும் வருவதில்லை. அவற்றின் முழுச் சுமையும் வாங்கியவரின் தலையில் இறங்குகிறது.

ஃபிக்ஹு இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கியாருல் ஐப்’, அதாவது குறையினால் கிடைக்கும் தேர்வுரிமை. விற்பனைக்கு முன்பே இருந்து, வாங்கியவருக்குத் தெரியாமல் இருந்த, விலையைக் குறைக்கக்கூடிய எக்குறைக்கும் இது உண்டு. பொருளைத் திருப்பித் தரலாம், அல்லது ஏற்றுக்கொள்ளலாம். விற்றவர் கருணையால் தருவதன்று இது. ஒப்பந்தத்தோடு கூடவே பிறக்கிறது. வாரண்டி புத்தகம் அச்சிடப்படாவிட்டாலும் இது இருக்கும். “எங்கள் செலவில் சரிசெய்து தருகிறோமே” என்று பணிமனையில் பெருமையாகச் சொல்லும்போது, அவர் தம் கடனைத்தான் அடைக்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது. கடனை அடைப்பவருக்கு நன்றி சொல்வது நல்ல பண்பு. ஐந்து முறை அலையவிட்டு அடைப்பவரிடம் அந்த நன்றியை எதிர்பார்க்க முடியாது.

“மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டீர்கள், இனி என்ன செய்வது” என்பது அடுத்த வாதம். ஒருவர் அடிமை ஒருவரை வாங்கி, வேலை வாங்கிய பின் குறை கண்டு திருப்பித் தந்தார். விற்றவர் அந்த உழைப்பின் வருமானத்தைக் கேட்டபோது, பொறுப்பை ஏற்றிருந்தவருக்கே பலனும் உரியது என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பயன்படுத்தியது என்பது மட்டும் உரிமையை அழிக்கவில்லை. ஆனால் குறையை அறிந்த பின்பும் பேசாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் நிலைமை மாறும். ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்தவுடனே உரிமையைக் கோர வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவகாசம் உண்டு. எனினும் குறையை அறிந்து தன் தேவைக்குச் சவாரி செய்தால் அது இசைவாகக் கொள்ளப்படும். திருப்பித் தருவதற்காகவோ தண்ணீர் காட்டவோ தீவனம் வாங்கவோ சவாரி செய்வது அப்படியன்று என்று பழைய நூல்கள் நுணுக்கமாகப் பிரிக்கின்றன. பணிமனைக்கு ஓட்டிச் செல்வது இதில் எங்கே சேரும் என்பது வெளிப்படை.

வண்டியை எடுக்கும் நாளில் மாலை போட்டு, துணியை விலக்கி, இனிப்புக் கொடுத்துப் படமெடுக்கிறார்கள். அந்த ஆரவாரத்தின் நடுவே ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். குதிரை வாங்கியவர்கள் ஒரு காலத்தில் வாயைத் திறந்து பல்லை எண்ணினார்கள். தேசிங்கு ராஜனின் குதிரையைப் பற்றி இன்றும் கதை சொல்லும் ஊரில் இருந்துகொண்டு, கதவைத் திறந்து மூடிப் பார்க்காமலே நாம் கையெழுத்திடுகிறோம். (வட்டிக் கடனில் வாங்கியவரிடம் முதலில் பேச வேண்டியது வேறு, அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

நாட்டுச் சட்டமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளர், விற்பவர், சேவை தருபவர் மூவருக்கும் தனித்தனிப் பொறுப்பு வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 1915 என்ற எண்ணில் முறையிடலாம். எளிதாக வென்றுவிடலாம் என்று சொல்லமாட்டேன். குறையுள்ள பாகத்தை மாற்றித் தந்தால் போதும், முழுக் காரையும் மாற்ற வேண்டியதில்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் மாருதி வழக்கில் தீர்த்தது. 2009-ல் தயாரான காரை 2011-ல் புதியதாக விற்ற கோவா வழக்கில், முகவரின் செயலுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 2021-ல் டாட்டா நிறுவனத்தை விடுவித்தது. ஆனால் 2022-ல் விபத்தின்போது காற்றுப்பை விரியாத ஹூண்டாய் வழக்கில், மோதலின் வேகத்தைக் கணக்கிட வாங்குபவர் இயற்பியல் வல்லுநரா என்ற பொருள்படக் கேட்டு நுகர்வோர் பக்கம் நின்றது. இவ்வழக்குகளில் காகிதமே பேசுகிறது. புகாரை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்; நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வாங்குபவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் விலை பேசிய குதிரையைச் சோதித்துப் பார்க்கும்போது அது ஊனமுற்றது. நலமாகப் பெற்றதை நலமாகவே திருப்பித் தரும் பொறுப்பு உங்களுடையது என்று கலீஃபாவுக்கு எதிராகவே ஷுரைஹ் தீர்ப்புச் சொன்னார். அவரையே உமர் (ரலி) கூஃபாவின் நீதிபதியாக்கினார்கள். ஏரியில் கழுத்தளவு நீரில் இறக்கி எஞ்சினைக் கெடுத்துவிட்டு, பெரிய டயர் மாட்டி அச்சை முறித்துவிட்டு, “தயாரிப்புக் குறை” என்று வாரண்டி கேட்கும் இளைஞர்களுக்கு இந்தத் தீர்ப்பை வாசித்துக் காட்ட வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, சிங்கவரம் சகோதரருக்கு நண்பர்கள் சொன்ன யோசனை: “கோடையிலேயே விற்றுவிடுங்கள், மழை வருவதற்குள் பணம் கைக்கு வந்துவிடும்.” முகவரைத் திட்டிய அதே வாய்கள்தாம் இதைச் சொல்லின. குறையுள்ள துணியை அதைச் சொல்லாமல் பங்காளி விற்றுவிட்டார் என்று அறிந்ததும் அந்த வருமானம் முழுவதையும் தர்மம் செய்துவிட்ட இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபைப் பின்பற்றுகிறோம் என்று சொல்பவர்கள் அவர்கள்.

இறுதியாக, ஷோரூம்களிலும் பணிமனைகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று. “நான் சம்பளக்காரன், விலையையும் நான் வைக்கவில்லை, வண்டியையும் நான் பூட்டவில்லை” என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் ‘சோதித்ததில் குறை இல்லை’ என்று எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. அது ஒரு சாட்சியம். பொய்ச் சாட்சியம் பெரும்பாவங்களுள் எண்ணப்படுகிறது. கூரை ஒழுகுகிறது என்றால், கூரை ஒழுகுகிறது என்று எழுதுங்கள். மேலாளர் அதை அடித்துத் திருத்தினால், திருத்தியவர் தம் கையெழுத்தைப் போடட்டும்.