சேவகத் தலைமை யாருக்குச் சேவகம்?

தலைமை ஆசிரியர்களுக்கான பயிற்சி அரங்குகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘சர்வண்ட் லீடர்ஷிப்’, அதாவது சேவகத் தலைமை. தலைவன் முதலில் சேவகனாக இருக்க வேண்டுமாம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியில் வேலை பார்த்த ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய சொல் இது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல் ஒன்றில் பயணக் குழுவுக்கு எடுபிடி வேலை செய்யும் லியோதான் அந்த அமைப்பின் தலைவர் என்று கடைசியில் தெரியவரும். அதிலிருந்துதான் தனக்கு இந்த யோசனை வந்தது என்கிறார் கிரீன்லீஃப். கதையைக் கவனியுங்கள். தலைவர் ஒருவர் சேவகராக இருந்துவிட்டுப் போகிறார். சேவகர் எவரும் தலைவராகவில்லை.

இங்கே சேவகம் என்பது விரும்பி ஏற்று, வேண்டாமென்றால் இறக்கிவைக்கும் வேலையல்ல. பிறப்போடு சுமத்தப்பட்டது. ஆய்வுக்காக நான் போய் உட்கார்ந்த ஒரு பயிற்சியில், “ஒருநாள் நீங்களே துடைப்பத்தை எடுங்கள், பள்ளி மாறிவிடும்” என்றார் பேச்சாளர். பலத்த கைதட்டல். மறுநாள் அந்தத் துடைப்பம் யார் கையில் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈரோடு மாவட்டம் பாலக்கரையில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை ஒருவர் கைதானது 2022இல்தான்.

சேவை என்ற சொல்லோடு நமக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1932இல் காந்தி ‘ஹரிஜன் சேவக் சங்க’த்தைத் தொடங்கினார். கிணறும் பள்ளியும் தீண்டப்படாதோருக்குத் திறக்கப் போராடுங்கள் என்று அதன் செயலாளர் தக்கருக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். சங்கம் அந்த வழியில் போகவில்லை. பிறகு, நிர்வாகத்தில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று தீண்டப்படாதோர் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம் என்று பதில் வந்தது. சேவை செய்கிறவரின் மனசாட்சி குளிர்ந்தது. அதிகாரம் இடம் மாறவில்லை. சேவகத் தலைமையும் இதையேதான் செய்கிறது. நாற்காலி அப்படியே இருக்கும், அதில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் பணிவாகப் பேசுவார்.

இந்தப் பேச்சாளர்களின் இன்னொரு சரக்கு ‘தடைகளைத் தாண்டுதல்’. இதற்கு அம்பேத்கரையும் விட்டுவைப்பதில்லை. வகுப்பில் சாக்குத் துணியில் தனியே உட்கார்ந்த சிறுவன் சட்ட மேதை ஆனார், உங்களாலும் முடியும்! சாக்கில் உட்கார வைத்தது யார்? பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று விதித்தது யார்? கதையில் அவர்கள் யாரும் இல்லை. ஏதோ மழை வெள்ளம் மாதிரி ‘கஷ்டம்’ தானாக வந்துவிடுகிறது. 1927இல் மகாடில் அம்பேத்கர் தாகத்தைத் தாங்கிக்கொள்ளக் கற்றுத்தரவில்லை, மக்களோடு போய்ப் பொதுக்குளத்தில் இறங்கினார்.

2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஊனத்துக்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்று ஒருவர் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்துக் கேட்டார். நாமும் கொதித்தோம். சரிதான். ஆனால் கர்மா என்பதை எடுத்துவிட்டு ‘மைண்ட்செட்’ என்று வைத்துப் பேசுகிறவர்களுக்கு மட்டும் சால்வை போர்த்துகிறோம். இரண்டிலும் குற்றவாளி பாதிக்கப்பட்டவரேதான்.

நாங்குநேரிக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தலைப் பற்றிப் பள்ளியில் சொன்ன தலித் மாணவர், வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் அவர் 469 மதிப்பெண் எடுத்ததும், ‘விடாமுயற்சி’க் கதை தயாராகிவிட்டது. அவருடைய உழைப்பு அவருடையது, அதைக் கொண்டாடுவோம். ஆனால் ஒரு தலைமை ஆசிரியர் படிக்க வேண்டியது அந்த மதிப்பெண்ணை அல்ல, அந்தப் புகாரை. புகார் வந்த மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், சொன்ன பிள்ளையை யார் பாதுகாப்பது, அன்று இரவு அவன் எங்கே இருக்க வேண்டும்? எந்த ஊக்கப் பேச்சிலும் இதற்குப் பதில் கிடையாது.

நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. வட்டாரத்தில் ஆதிக்கத்தில் இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகப் போடாதீர்கள், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை நீக்குங்கள் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. அடுத்த பயிற்சிக்குப் பேச்சாளரைத் தேடும் அதிகாரிகள், அந்த அறிக்கையில் ஆளுக்கொரு பிரதி எடுத்துக் கொடுக்கட்டும். கூடவே ஒரு வெள்ளைத் தாளும். உங்கள் பள்ளிக் கழிப்பறையைக் கழுவுகிறவர் யார், அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகட்டும்.