பண்பாட்டின்மேல் ஒரு பழி

சென்ற மாதம் அரியாங்குப்பத்தில் உறவினர் வீட்டு வளைகாப்பு ஒன்றில், மருத்துவக் கல்லூரியொன்றில் நெடுங்காலம் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையை மடித்தபடியே ஒரு தீர்ப்புச் சொன்னார்: "இந்தப் பிரச்சினை வழிக் கற்றலெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும். நம்ம பிள்ளைங்க வாயே திறக்காதுங்க. குருவைக் கேள்வி கேட்கிறது நம்ம ரத்தத்திலேயே கிடையாது." சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும் தலையசைத்தார்கள். எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகள் அங்கேதான் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுண்டிப் போனதை நான் பார்த்தேன்.

அந்த முறையில் அப்படி என்னதான் இருக்கிறது? கனடா நாட்டின் ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் அதைத் தொடங்கியது. ஏழெட்டு மாணாக்கர்களை ஒன்றாக உட்காரவைத்து, விரிவுரை எதுவும் நிகழ்த்துவதற்கு முன்பாகவே ஒரு நோயாளியின் கதையை அவர்கள் முன் வைத்து, இதில் தமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது, தேடிப் படிக்கவேண்டியது எது என்று அவர்களையே பிரித்துக்கொள்ளச் செய்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் படித்ததை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூடச் சொல்வது. ஆசிரியர் விடை சொல்லாமல் தடம் மாறாமல் மட்டும் பார்த்துக்கொள்வது. சாராம்சம் இவ்வளவே. இதில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் விளங்கும் ரகசியம் எங்கே இருக்கிறது? மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1979இல் தொடங்கியபோதே இம்முறையைக் கைக்கொண்டது. பெரியோர் முன் குரல் தாழ்த்திப் பேசும் மரியாதையில் மலாய்க்காரர் நமக்குக் குறைந்தவர் அல்லர்.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பார்க்கட்டும். அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர் 1848இல் அங்கே ஆஸ்பத்திரி அமைத்து, நோயாளிகளின் நடுவிலேயே தமிழ் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். ஏறத்தாழ நாலாயிரம் பக்கம் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் அவர் தாயகம் திரும்புவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் தேறியிருந்தார்கள். சாதியும் சம்பிரதாயமும் இன்றைக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு இறுகியிருந்த காலத்தில், ஆசானுக்கு முன் துண்டை இடுப்பில் கட்டிய சமூகத்தில் பிறந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். ரத்தம் தடுக்கும் என்றால் அவர்களைத்தானே முதலில் தடுத்திருக்கவேண்டும்!

தடுப்பது ரத்தமன்று, பாஷை. வகுப்பில் பேராசிரியர் ஆங்கிலத்தில் கேள்வி போட்டால் குனிந்துகொள்ளும் அதே பிள்ளை, கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஏன்டி, சிறுநீரகம் கெட்டா ரத்தம் ஏன் குறையுது?" என்று தோழியிடம் தமிழில் தொடங்கி, பஸ் தவளக்குப்பம் தாண்டும் வரை விடாமல் வாதிப்பதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். 2023இல் புதுச்சேரி அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் பத்து சதவீத இடம் ஒதுக்கியது. தகப்பன் வலை இழுக்கும் வீட்டிலிருந்தும் தாய் நாற்று நடும் வீட்டிலிருந்தும் வரும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, பேச்சு உன் பண்பாட்டிலேயே இல்லை என்று சொல்வதைக் காட்டிலும் கொடிய அநீதி வேறில்லை. மானிப்பாயில் தமிழில் பேசவிட்டார்கள், பேசினார்கள்.

முறையை நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றவேண்டாமா என்பார்கள். மாற்றத்தான் வேண்டும், ஆனால் மாற்றவேண்டியது பிள்ளையை அல்ல, கதையை. பனியை வாரிக்கொண்டிருந்தபோது மார்பு வலி கண்ட கிழவரின் கதையை அப்படியே இறக்குமதி செய்து நம் பிள்ளைகளிடம் நீட்டினால், பனியைக் கண்டிராதவர்கள் என்ன பேசுவார்கள்? அதற்குப் பதில் இப்படியொரு கதை: பாகூர்ப் பக்கத்து வயலில் களையெடுக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலி. மருந்துக்கடை மாத்திரைக்கு அடங்கவில்லை. அது உண்ணிக் காய்ச்சல். பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டாற்போல, வலியும் அரிப்பும் இல்லாத ஒரு கரும்பொருக்கு பலருக்கு இருக்கும். அது அக்குளிலோ மார்பின் மடிப்பிலோ ஒளிந்திருக்கும். அதைக் கண்டுகொண்டால் விலை மலிந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரை உயிரைக் காக்கும். காணத் தவறினால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகலாம். பக்கத்தில் மாமியார் நிற்கிறாள், அந்தப் பெண் சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். மாணவன் எப்படிக் கேட்பான், யாரைத் துணைக்கு அழைப்பான், திரையை எங்கே இழுப்பான்? இந்தக் கதையைத் தமிழில் நடுவில் வைத்துவிட்டு, நம் பிள்ளைகள் ஊமையாக உட்காருவார்களா என்று பார்க்கட்டும். மானிப்பாய்ப் பிள்ளைகளிடம் வந்த நோயாளிகளும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தாம்.

மெய்யான தடை எதுவென்று இந்தப் பெரியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆண்டுக்கு நூற்றைம்பது பேரைச் சேர்க்கும் கல்லூரியில் எட்டெட்டுப் பேராகப் பிரித்தால் பத்தொன்பது குழு. பத்தொன்பது குழுவுக்கு ஒரே நேரத்தில் பத்தொன்பது ஆசிரியர் வேண்டும். ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் பெயர்ப்பலகையோடு தோன்றி மறையும் ஆசிரியர்களை வைத்துக்கொண்டு இது நடக்காது. நேரமில்லை, பயிற்சியில்லை என்றும் சொல்லமுடியாது. சுயமாகக் கற்பதற்கும் சிறு குழுவுக்கும் மணிநேரம் ஒதுக்கிய புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் 2019இலேயே வந்துவிட்டது. ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் கலையைப் பயிற்றும் மையம் கோரிமேட்டில் உள்ள நம் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியிலேயே எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது. கோரிமேடு என்ன கடல் கடந்தா இருக்கிறது?

அதற்கும் மேலே பரீட்சை என்றொரு பெருங்கேடு. ஆண்டு முழுவதும் பேசு, ஆராய், சந்தேகப்படு என்று சொல்லிவிட்டு, கடைசியில் "சிறுகுறிப்பு வரைக" என்று நாலு வரியை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னால், புத்தியுள்ள பிள்ளை எதைச் செய்யும்? மேற்படிப்புக்கு நீட் தேர்வில் நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதால், என் தங்கை மகளின் தோழிகள் இரண்டாம் ஆண்டிலேயே கைப்பேசியில் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டார்கள். வார்டில் நோயாளி காத்திருக்க, இவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து விடைகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீட் டில்லியில் தீர்மானமாவது, அதை விட்டுவிடுவோம். கல்லூரியின் சொந்த வினாத்தாளில், பாகூர்ப் பெண்ணின் கதையைக் கொடுத்து, "அடுத்து என்ன கேட்பாய், ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி வைப்பதற்கு எந்த நாட்டுப் பண்பாட்டின் அனுமதியும் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு ஒருமுறை கூடினால் போதும்.