எழுவாய் இல்லாத விலைச்சீட்டு

கழிவுப்பொருள்களிலிருந்து கலைப்பொருள் செய்து விற்கும் சிறு கடை, தில்லியின் இளம் பட்டதாரிகளுக்குக் குறைந்த முதலீட்டில் தொடங்கத்தக்க தொழிலாக அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. செய்தித்தாளில் முடைந்த கூடை, மிதிவண்டிச் சங்கிலியில் செய்த விளக்கு, கண்ணாடிப் புட்டியில் தீட்டிய ஓவியம் என அதன் சரக்குப் பட்டியல் நீளும். மூலப்பொருள் ஏறத்தாழ இலவசம் என்பதே இப்பரிந்துரையின் அடிப்படை. அந்த 'இலவசம்' என்னும் சொல்லைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

தமிழில் 'குப்பை' என்னும் சொல்லுக்குக் 'குவியல்' என்ற பொருளும் உண்டு; நெல்லின் குவியலும் குப்பைதான். குவியல் தானே தோன்றுவதில்லை. ஒருவர் குவித்தாக வேண்டும். தில்லியில் தெருவில் பொறுக்குபவர், கபாடிவாலா, பிரிப்பவர், மொத்த வணிகர் எனப் பல கைகளைக் கடந்தே ஒரு நெகிழித் துண்டு பட்டறையை அடைகிறது. சீலம்பூரில் மின்னணுக் கழிவும் முண்ட்காவில் நெகிழிக் கழிவும் வகை பார்த்துப் பிரிக்கப்படுகின்றன. இந்த வகைப்பாடு ஓர் அறிவு. கலைஞரின் கைக்கு வருவது வெறும் கழிவன்று; முன்பே ஒருவர் உழைத்துத் தேர்ந்தெடுத்த பொருள்.

இத்துறையில் தில்லி தந்த முன்னோடி முயற்சி 'கன்சர்வ் இந்தியா'. 1998இல் அனிதா அகூஜாவும் சலப் அகூஜாவும் தொடங்கிய இவ்வமைப்பு, கழிவு சேகரிப்போரிடமிருந்து நெகிழிப் பைகளைப் பெற்று, கழுவி, உலர்த்தி, நிறவாரியாகப் பிரித்து, வெப்பத்தால் அழுத்தித் தகடுகளாக்கியது. தனியே சாயம் ஏற்றப்படவில்லை. பைகளின் நிறமே வடிவமைப்பாயிற்று. அத்தகடுகளில் தைத்த கைப்பைகள் வெளிநாட்டுச் சந்தைகளுக்குச் சென்றன. வாங்குவோரின் இரக்கத்தை மட்டும் நம்பி எந்தக் கடையும் நெடுநாள் நிற்காது. பொருள் பயன்பட வேண்டும், அழகாகவும் இருக்க வேண்டும். நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலையே அங்கு வடிவமைப்பின் முதற்படி என்பதும் கருதத்தக்கது.

அரசு முயற்சியும் உண்டு. 2019 பிப்ரவரியில் சராய் காலே கான் அருகே திறக்கப்பட்ட 'வேஸ்ட் டு வொண்டர்' பூங்காவில், ஏறத்தாழ 150 டன் பழைய இரும்பைக் கொண்டு ஏழு உலக அதிசயங்களின் மாதிரிகள் அமைக்கப்பட்டன. அதைப் பற்றிய பேச்சில் டன் கணக்கு தவறாமல் இடம்பெறுகிறது. இரும்பைப் பற்றவைத்தவர்களின் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது. சண்டிகரின் பாறைப் பூங்காவோ நேக் சந்தின் பெயரின்றிப் பேசப்படுவதே இல்லை. சாலை ஆய்வாளராக இருந்த அவர், உடைந்த பீங்கானையும் வளையல் துண்டுகளையும் சேர்த்து மறைவாக உருவாக்கிய அவ்விடம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டும் கழிவிலிருந்து பிறந்தவையே. ஒன்று எடையால் அறியப்படுகிறது. மற்றொன்று செய்தவரால் அறியப்படுகிறது.

சிறு கடைகளின் விலைச்சீட்டு பெரும்பாலும் முதல் வழியையே பின்பற்றுகிறது. 'கைவிடப்பட்ட பொருள்களிலிருந்து கையால் உருவாக்கப்பட்டது' என்பது போன்ற தொடர் முழுவதும் செயப்பாட்டுவினை. யார் கைவிட்டார், யார் எடுத்தார், யார் உருவாக்கினார் என்ற மூன்று வினாக்களையும் அது ஒருசேர மறைக்கிறது. மிஞ்சுவது கடையின் முத்திரைப்பெயர் மட்டுமே. படிப்பவர் அதையே எழுவாயாகக் கொள்கிறார். நன்னூல் வினைக்கு ஆறு கூறுகளைச் சொல்லும்போது செய்பவரை முதலில் வைத்து, கருவி, இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள் ஆகியவற்றை அடுத்து நிறுத்துகிறது. ஒரு நேர்மையான விலைச்சீட்டுக்கு இதைவிடச் சிறந்த படிவம் தேவையில்லை. இன்ன பகுதியில் சேகரித்தது, இன்ன குழு பிரித்தது, இன்னார் இன்ன கருவியால் இந்த மாதத்தில் செய்தது என நான்கு வரிகள் போதும்.

இதற்கு மறுப்பு எழும். சிறு வணிகருக்கு ஏற்கெனவே சுமை மிகுதி. பிளாஸ்டிக் கழிவின் மீதான சரக்கு, சேவை வரி 2021 அக்டோபரில் 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. வரிப்பதிவு பெறாத சிறு கடைக்காரர், பதிவு பெற்ற வணிகரிடம் சரக்கு வாங்கினால் அவ்வரியைத் திரும்பப் பெற இயலாது. 1994 முதல் இயங்கும் தில்லி ஹாட்டில் கடைகள் கைவினைஞர்களுக்குச் சுழற்சி முறையில் சில நாள்களுக்கே கிடைப்பதால், நிலையான வாடிக்கையாளரைச் சேர்ப்பதும் எளிதன்று. பெயர் எழுதினால் வாடகை குறையுமா என்ற கேள்வி நியாயமானதே.

குறையாது. ஆயினும், ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் மலிவுப் போலிகளோடு சிறு கடை விலையில் போட்டியிட முடியாது. போலியால் எளிதில் சொல்ல முடியாத ஒன்றைச் சிறு கடையால் சொல்ல முடியும்: பொருள் வந்த வழி. பெயரும் செய்முறையும் அறிந்தவர், விலை ஏன் அவ்வளவு என்பதையும் அறிகிறார். பேரம் அங்கே தளர்கிறது. அந்த விலையில் பிரித்தவருக்கும் பொறுக்கியவருக்கும் பங்கு இல்லையென்றால், பெயர் வெறும் அலங்காரமாகிவிடும். எனவே சீட்டில் பெயரும் கணக்கில் கூலியும் சேர்ந்தே வர வேண்டும். பெயர் வெளியாவதை விரும்பாதவருக்குக் குழுவின் பெயர் போதும். அவர் ஏழை என்பதால் அன்று, செய்தவர் என்பதால் குறிப்பிடப்பட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கழிவு சேகரிப்போரை வரையறுத்து, அவர்களை நகரின் கழிவு மேலாண்மையில் இணைக்க வேண்டும் என்றன. சட்டம் ஏற்றுக்கொண்ட ஒருவரைச் சந்தையின் மொழி நீக்கிவிடுவது முறையன்று. பல்கலைக்கழக விழாக்களில் இத்தகைய கடைகளுக்கு இடம் ஒதுக்கும் மாணவர் அமைப்புகள், செய்தவர் விவரம் கொண்ட சீட்டை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். செலவு ஒரு காகிதத் துண்டு. அதுவும் மறுபயன்பாட்டுக் காகிதமாகவே இருக்கலாம்.